மண்ணுக்குள் புழு, மண்மேல் காரணம்

(சுங்கை பூலோவில் நாற்றுப்பண்ணை நடத்துவோரும் வீட்டுத்தோட்டம் போட்டிருப்போரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மண்ணில் இருந்துகொண்டு பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "எந்த மருந்து ஊற்றணும்னு மட்டும் சொல்லிடுங்க சார், அது போதும்" என்று ஒரு நண்பர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். மருந்தைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. மண்ணுக்குள் ஒரு புழு பெருகுகிறது என்றால், அதை வளர்த்துவிட்ட காரணம் அநேகமாக மண்ணுக்கு மேலே நாம் செய்த வேலையில்தான் இருக்கும். வெட்டிப் போட்ட மரம், கிளறாமல் விட்ட சாணக்குவியல், புதைத்து மூடிய கட்டை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு மண்ணில் மருந்து ஊற்றுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருப்பது மாதிரி.

இந்த விஷயத்தில் நம் வட்டாரத்துக்கு ஒரு பழைய உறவு உண்டு. 1925இல் சட்டம் போட்டு உருவாக்கிய மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் தன் சோதனைத் தோட்டத்தைச் சுங்கை பூலோவில்தான் அமைத்தது. தாய்லாந்து வரைக்கும் பரவிய ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரப்பர் ரகம் அந்தக் கழகம் உருவாக்கியது. அந்த நிலத்தை நகரமாக்கப் போவதாக 2010இல் அரசாங்கம் அறிவித்தது. இன்றைக்கு அங்கே குவாசா டாமன்சாரா என்ற நகரம். 2016 கடைசியில் எம்ஆர்டியும் ஓட ஆரம்பித்துவிட்டது. நம்மவர்கள் பால் வெட்டிய நிரைகளின் மேல் இப்போது ரயில் போகிறது. அந்தக் கழகத்தின் பூச்சியியலாளர் ஸ்ரீபதி ராவ், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி 1965இல் ஒரு புத்தகம் எழுதினார். ரப்பர் மரத்துக்குக் கீழே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் தேடிப் போகிறார்கள்.

முதலில் கறையான். தோட்டத்தில் கறையானைப் பார்த்தவுடனே மருந்துப் பம்பைத் தூக்கித் தோளில் மாட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். மலேசிய மண்ணில் இருக்கும் கறையான் இனங்களில் மிகப் பெரும்பாலானவை செத்த மரம், சருகு, மட்கு ஆகியவற்றையே தின்கின்றன. சருகையும் கட்டையையும் மண்ணாக்கிக் கொடுக்கிற வேலைக்காரர்கள் அவர்கள். பச்சை மரத்தைக் கொல்கிற இனங்கள் மிகச் சில. அவற்றில் பெரிய ஆள் கோப்டோடெர்மஸ் கர்விக்நாத்தஸ். இதை அடையாளம் காண ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மரத்தடியில் ஏறியிருக்கும் மண்பூச்சைச் சுரண்டுங்கள். வெளியே ஓடிவரும் படைவீரக் கறையானை ஒரு குச்சியால் சீண்டுங்கள். மஞ்சள் தலையின் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டுப் பால் வரும். ரப்பர் மரத்தைத் தின்கிற பூச்சிக்கும் பால் வடிகிறது பாருங்கள், கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

இந்தக் கறையான் எங்கிருந்து வந்தது? காட்டை அழித்தபோது மண்ணுக்குள் புதைந்துபோன கட்டைகளிலும் வேர்களிலும் அது கூடு வைத்திருந்தது. தோட்டம் போட்டவர்கள் மேலே இருந்ததை எரித்தார்கள், கீழே இருந்ததை விட்டுவிட்டார்கள். ரப்பர் கன்று வளர்ந்து ஆணிவேர் விட்டதும், பக்கத்துக் கட்டையிலிருந்து கறையான் அதற்குள் புகுந்தது. வெளியே இலை பச்சையாகவே இருக்கும். உள்ளே மரம் கூடாகிவிடும். ஒரு காற்றில் சாயும். அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் இது தோட்டத்துக் கதைதானே என்று நினைக்கவேண்டாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த கோப்டோடெர்மஸ் கெஸ்ட்ரோய்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குள் புகுந்து கதவு நிலையைத் தின்பது. வீடு கட்டும்போது பலகைத் துண்டுகளையும் மரவேரையும் மண்ணோடு தள்ளி மூடிவிடுகிறார்களே, அது அதற்கு வைக்கிற சாப்பாடு.

இரண்டாவது, வேர்ப்புழு. மண்ணைக் கிளறினால் பிறை வடிவில் சுருண்டு கிடக்கும், பால் நிறம், பழுப்புத் தலை. ரப்பர்க் கன்றின் பக்கவேர்களை முதலில் தின்று, பிறகு ஆணிவேருக்குப் போகும். இலை மஞ்சளாகிற நேரத்தில் கீழே வேலை முடிந்திருக்கும். ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதில் மிகப் பெரும்பகுதியை அது மண்ணுக்குள் கழிக்கிறது, அதுவும் ஆழத்தில். அந்த ஆழத்துக்கு மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய பாடு. மருந்தில் பாதியை மேல்மண்ணே பிடித்து வைத்துக்கொள்கிறது.

இந்தியாவில் இதே குடும்பத்துப் புழு குஜராத், ராஜஸ்தான் நிலக்கடலைக் கொல்லைகளையும் தமிழ்நாட்டுக் கரும்பையும் பாடாய்ப் படுத்தியது. அங்கே விவசாயிகளுக்குக் கைகொடுத்தது மண்ணுக்குள் ஊற்றிய மருந்து அல்ல. கோடை முடிந்து முதல் நல்ல மழை பெய்தவுடன், அந்தி நேரத்தில், இந்தப் புழுக்கள் வளர்ந்து உருவான வண்டுகள் மண்ணை விட்டு வெளியே வந்து வேப்பமரம் போன்ற சில மரங்களில் கூட்டமாக உட்காரும். ஊரே சேர்ந்து மரத்தை உலுக்கி, விழுகிற வண்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டுவிடுவார்கள். ஒரு வண்டு இன்று செத்தால் அது இடவிருந்த முட்டை எதுவும் மண்ணுக்குள் போகாது. ஆனால் ஒருவர் மட்டும் செய்தால் பலன் இல்லை. ஊரே செய்யவேண்டும், அதே சில நாள்களில் செய்யவேண்டும்.

மூன்றாவது ஆள்தான் இன்றைக்கு நம் பிரச்சினை. காண்டாமிருக வண்டு. தென்னையின் குருத்தைக் குடைந்து தின்பது இதுதான். பிறகு அந்தக் குருத்து விரியும்போது, கத்தரியால் வெட்டினாற்போல் மட்டையில் முக்கோண வெட்டு தெரியும். கிள்ளான் பக்கம் தென்னை வைத்திருப்பவர்களுக்கு நான் வர்ணிக்கவேண்டியதே இல்லை. ஆனால் மரத்தின் மேலே இருப்பது பெரிய வண்டு மட்டும்தான். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் கீழே மட்கிக்கொண்டிருக்கும் மரத்திலும் சாணத்திலும் உரக்குவியலிலும் நடக்கிற சங்கதி. நன்றாக வளர்ந்த புழு உங்கள் உள்ளங்கையை நிறைக்கும். முட்டையிலிருந்து வண்டாக ஐந்து மாதம் போல ஆகும். அந்த வண்டு அதன்பிறகும் பல மாதம் உயிரோடு இருக்கும். அழுகுகிற பொருள் இல்லையென்றால் இந்த வம்சமே இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ரப்பரை இந்த வட்டாரத்தில் பரப்பியவர் என்று நாம் படித்திருக்கிற எச்.என். ரிட்லி, 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தார். வந்த மறு ஆண்டே அவர் எழுதியது தென்னையை அழிக்கும் வண்டுகளைப் பற்றிய அறிக்கை. 1890இல் நீரிணைக் குடியேற்றங்களில் தென்னைமரப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. பட்ட தென்னையையும் வண்டு வளரும் குப்பையையும் சொந்தக்காரரே அப்புறப்படுத்தவேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதாவது, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நோய்க்கு மருந்து தெரிந்திருந்தது. அதற்கு விளக்குமாறும் கோடரியும் போதும்.

பிறகு ஏன் விஷத்துக்குப் போனோம்? இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஆல்ட்ரின், டீல்ட்ரின், ஹெப்டாக்ளோர், குளோர்டேன் என்று ஒரு குடும்பம் சந்தைக்கு வந்தது. மண்ணில் கலந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் கரையாது, சிதையாது. மண்பூச்சிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். எது அதன் பெருமையாக இருந்ததோ அதுவே அதன் குற்றமாகப் பிறகு வந்து நின்றது. சிதையாத விஷம் மண்ணிலிருந்து மண்புழுவுக்கு, அதிலிருந்து பறவைக்கு, கொழுப்பு வழியாக மனிதர்களுக்கு என்று ஏறிக்கொண்டே போனது. ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய 'மௌன வசந்தம்' இதைத்தான் உலகத்துக்குச் சொன்னது. 2001இல் கையெழுத்தாகி 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் 12 நச்சுப் பொருள்களின் பட்டியலில் நான் சொன்ன நால்வரும் இருக்கிறார்கள்.

இன்னொரு பாடம் நம் நாட்டிலேயே நடந்தது. 1960களின் தொடக்கத்தில் சபா கொக்கோத் தோட்டங்களில் கார்டன் கான்வே என்ற இளம் பூச்சியியலாளர் வேலை பார்த்தார். அடிக்க அடிக்கப் பூச்சி கூடிக்கொண்டே போனது. கடைசியில் அவர் சொன்ன யோசனை, அடிப்பதை நிறுத்துங்கள் என்பது. நிறுத்தியதும் ஒட்டுண்ணிக் குளவிகள் திரும்பி வந்தன, பூச்சிகள் அடங்கின. அதே காலத்தில் தீபகற்பத்துச் செம்பனைத் தோட்டங்களில், முதுகில் பை கட்டிக்கொண்டு இலையைத் தின்னும் புழுக்கள் ஆயிரக்கணக்கில் வெடித்துக் கிளம்பியதற்கும் கண்மூடித்தனமாக அடித்த மருந்துதான் காரணம் என்று பிரையன் வுட் என்ற பூச்சியியலாளர் காட்டினார். எதிரியைக் கொல்லப் போய் எதிரியின் எதிரியை முதலில் கொன்றுவிட்டோம்.

அந்த மருந்தை அடித்தது யார் என்பதையும் இந்த மேடையில் சொல்லியாகவேண்டும். துரை அடிக்கவில்லை, கிராணி அடிக்கவில்லை. முதுகில் பம்பைச் சுமந்து நிரைநிரையாகப் போனவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். கையுறை இல்லாமல், வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு. நகம் அழுகியதையும் மூக்கில் ரத்தம் வந்ததையும் உடம்பு வாகு என்று சொல்லிக் கடந்துபோனார்கள். தெனாகானித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கத்தின் ஆசிய பசிபிக் அமைப்பும் சேர்ந்து அந்தப் பெண்களைப் பற்றிய ஆய்வறிக்கையை 2002இல் வெளியிட்டன. பாராகுவாட் களைக்கொல்லிக்கு இந்த நாட்டில் 2020இல்தான் முழுத் தடை வந்தது. மண்ணில் தூவும் குருணையாகப் பலர் கைகளில் புழங்கிய கார்போஃபியூரானுக்கு 2023இல் தடை வந்தது. பழைய மூட்டை வீட்டுப் பின்கட்டில் இருந்தால் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். விவசாயத் துறை அலுவலகத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

வாசலில் கேட்ட நண்பருக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இளங்கன்றின் குருத்தில் வண்டைத் தடுக்கச் சைபர்மெத்ரினும், செம்பனையில் கறையானுக்கு ஃபிப்ரோனிலும் தோட்டங்களில் இன்றும் பயன்படுகின்றன. மருந்துப் புட்டியின் விவரச் சீட்டில் எழுதியிருக்கும் பயிருக்கு, எழுதியிருக்கும் அளவில், பாதுகாப்பு உடுப்போடு. வீட்டு முற்றத்தில் கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் இவை எதுவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது ஒரு பெரிய பயணக் கதை. 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகள் பசிபிக் தீவான சமோவாவுக்குக் கப்பலில் போயின. அவற்றின் மண்ணோடு காண்டாமிருக வண்டும் போய்ச் சேர்ந்தது. சமோவாவுக்குக் கொப்பரைதான் சோறு. அங்கே இந்த வண்டைத் தின்ன யாரும் இல்லை. முதலில் ஆண்ட ஜெர்மானியரும் பின்னால் வந்த நியூசிலாந்துக்காரர்களும் வண்டையும் புழுவையும் பொறுக்கித் தரவேண்டும் என்று மக்களுக்கு உத்தரவு போட்டார்கள். அரை நூற்றாண்டு பொறுக்கியும் தீரவில்லை. வண்டு பக்கத்துத் தீவுகளுக்கும் தாவியது.

கடைசியில் அலோய்ஸ் ஹூகர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1963இல் நம் பக்கம் வந்து தேடினார். வண்டு பிறந்து வளர்ந்த ஊரிலேயே அதற்கு நோய் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. கணக்குத் தப்பவில்லை. இங்கே கிடைத்த சில புழுக்கள் உடம்பு உப்பி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ, மட்கின் மேல்பரப்புக்கு வந்து செத்துக் கிடந்தன. காரணம் ஒரு வைரஸ். மலாயா நோய் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1967இல் அதைச் சமோவாவில் விட்டார்கள். நோய் பிடித்த வண்டு உடனே சாவதில்லை. அதுதான் இதன் சூட்சுமம். அதன் குடல் வெள்ளையாகப் பால் கட்டி வீங்கும், தீனி குறையும், முட்டை குறையும். ஆனால் பறந்துபோய் மற்ற குவியல்களில் கழிந்து, இணை சேர்ந்து, நோயைத் தானே ஊர் ஊராகக் கொண்டுபோகும். சில ஆண்டுகளில் சமோவாத் தென்னை தலைநிமிர்ந்தது. பிறகு அந்த வைரஸ் பிஜி முதலிய தீவுகளுக்கும் போனது. ஒரு சொட்டுப் பூச்சிமருந்து இல்லாமல் பசிபிக் தென்னையைக் காப்பாற்றியது நம் மண்ணின் நோய்.

அத்தோடு கதை சுபம் என்று எழுத ஆசைதான். 2007இல் குவாம் தீவில் இறங்கிய வண்டு வேறு வம்சம். பழைய வைரஸ் அதை அவ்வளவாக அசைக்கவில்லை. 2013இல் ஹவாய், 2015இல் சாலமன் தீவுகள் என்று அது போய்க்கொண்டே இருக்கிறது.

நம் வீட்டுக்கு வருவோம். 1917இல் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் ஹென்ரி ஃபோகோனியே என்பவர் நம் நாட்டில் வணிக அளவில் முதல் செம்பனையை நட்டார். செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்யவேண்டும். முன்பெல்லாம் வெட்டியதைக் கொளுத்திவிடுவார்கள். புகைமூட்டம் நாட்டையே மூடிய பிறகு திறந்தவெளி எரிப்பைச் சட்டம் 1998இல் இறுக்கிப் பிடித்தது. கோல்டன் ஹோப் நிறுவனம் 1989லேயே எரிக்காமல் மறுநடவு செய்யும் முறையைக் கொண்டுவந்திருந்தது. நல்ல முறை, மூச்சு விட முடிந்தது. ஆனால் எரிக்காத தண்டு மட்கும், மட்கும் தண்டில் வண்டு வரும். தண்டைக் குவித்து வைத்தால் இரண்டு ஆண்டு வரை வண்டுக்குப் பிரசவ விடுதி. மெல்லிய சில்லுகளாக வெட்டிப் பரப்பிவிட்டால் சீக்கிரம் காய்ந்து மட்கிவிடும், புழு வளர நேரம் போதாது. அதன்மேல் பியூராரியா, முக்குனா போன்ற கொடிகளைப் படரவிட்டால் வண்டுக்கு இடம் கண்டுபிடிப்பதே கஷ்டம். முக்குனா கேரளத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து நம் தோட்டங்களுக்கு வந்த கொடி. சில்லு வெட்டக் கூடுதல் செலவாகும் என்று குவித்து வைத்தவர்கள், பிறகு மருந்துக்கு அதைவிடச் செலவழித்ததைத் தோட்டக்காரர்கள் சொல்லக் கேட்கலாம்.

சுங்கை பூலோவில் செம்பனை குறைவு, நாற்றுப்பண்ணை அதிகம். தொழுநோய்க் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் வளர்த்தெடுத்த செடிவியாபாரத்தால் இந்தச் சாலைக்கே ஒரு பெயர் உண்டு. அங்கே பின்பக்கம் குவிந்திருக்கும் சாணம், மரத்தூள், தேங்காய்நார்த் தூள், செம்பனைக் குலைச் சக்கை எல்லாமே வண்டுக்குப் பிடித்த இடங்கள். குவியலை மாதம் ஒருமுறையாவது அடிவரை கிளறிப் புரட்டுங்கள். புழு வண்டாக ஐந்து மாதம் வேண்டும் என்றேன் அல்லவா, அது முடிவதற்குள் பலமுறை உங்கள் மண்வெட்டியில் அகப்படும். அகப்பட்டதைக் கோழிக்குப் போடுங்கள். குவியலின் மேல் பழைய மீன்வலையைத் தளர்வாக விரித்துப் போடுங்கள். உள்ளே போகிற வண்டும் வெளியே வருகிற வண்டும் கால் சிக்கிக் கிடக்கும். குவாமில் இப்படித்தான் பிடிக்கிறார்கள்.

பச்சைப் பூஞ்சாணம் என்று நம் விவசாயிகள் சொல்லும் மெட்டாரைசியத்தையும் மட்கில் கலக்கலாம். இது புழுவின் தோலைத் துளைத்து உள்ளே போய், முதலில் வெள்ளையாகவும் பிறகு பச்சைப் பொடியாகவும் பூத்து, புழுவைக் கட்டையாக்கிவிடும். நோபல் பரிசு வாங்கிய மெட்ச்னிகோஃப் 1879இல் அன்றைய ரஷ்யப் பேரரசில் கோதுமை வேரைத் தின்னும் வண்டுப்புழுவில் கண்டுபிடித்தது இது. மலேசியச் செம்பனை வாரியம் இதில் நெடுநாளாக ஆய்வு செய்துவருகிறது. ஈரம் வேண்டும், நிழல் வேண்டும்; வெயிலில் தூவினால் காசு போச்சு. இளந்தென்னையின் மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து போடுவது தமிழ்நாட்டு வழக்கம். இங்கேயும் அது நன்றாகவே வேலை செய்கிறது.

வாசனைப் பொறி பற்றி ஓர் எச்சரிக்கை. வண்டை இழுக்கும் வாசனைப் பொருளை வாளியில் தொங்கவிடும் பொறி கடையில் கிடைக்கிறது. தெருவில் நீங்கள் ஒருவர் மட்டும் வாங்கி மாட்டினால், தெருவின் வண்டெல்லாம் உங்கள் வீட்டு விருந்தாளி. வாளிக்குள் விழுகிறது பாதி, உங்கள் தென்னையில் இறங்குகிறது மீதி. மாட்டினால் எல்லாரும் சேர்ந்து, எல்லையோரத்தில் மாட்டவேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். குடியிருப்பில் கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவு நடக்கும்போது சாக்கடையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பட்டுப்போய் நிற்கும் தென்னையையும், சாலையோரத்தில் வெட்டிப் போட்டுவிட்டுப் போன தண்டையும் கணக்கெடுங்கள். உங்களால் முடிந்ததைப் பிளந்து காயப்போடுங்கள், முடியாததைப் படம் எடுத்து மாநகர் மன்றத்துக்கு அனுப்புங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் மலாய்க்காரரோ சீனரோ, அவரையும் கூப்பிடுங்கள். வண்டுக்கு வேலி தெரியாது. இந்த மாதமே தொடங்குங்கள்.